அரைப்பேரும் தங்கப் பங்கும்

ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஊர்ப் புதினங்களையெல்லாம் விசாரித்த பின்னர், "தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது என்று அறிவித்துவிட்டார்களே, இனியாவது உம்முடைய ஒப்பாரி நிற்குமா?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளாக இந்தச் சம்பளப் பிரச்சினையைப் பற்றிச் செய்தி எழுதி வந்தவன் என்ற உரிமையில் கேட்ட கேள்வி அது. கேலியாகக் கேட்டாலும் பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி. தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாததால் இங்கு எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொகையை உடைத்துப் பார்ப்போம். 2025 நவம்பர் 7 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவாக உயரும் என்றும், அதற்கு மேல் 200 ரூபா வருகைக் கொடுப்பனவாக அரசாங்கமே வழங்கும் என்றும் கூறப்பட்டது. அதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. அதாவது, இலாபம் ஈட்டுவதற்காக நடத்தப்படும் தனியார் கம்பனிகளின் வேலையாட்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியை நாட்டு மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுப்பதற்குத் திறைசேரி முன்வந்தது. தொழிலாளியின் கைக்கு 200 ரூபா வருவதை நான் எதிர்க்கவில்லை. அது யாருடைய சட்டைப்பையிலிருந்து வரவேண்டிய பணம் என்பதே என் கேள்வி. அதைக் கொடுக்கும்போது அரசாங்கம் கம்பனிகளிடம் பதிலுக்கு எதைக் கேட்டது என்பது அடுத்த கேள்வி.

சென்ற ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கேகாலை மாவட்டத்தில், தெஹியோவிட்டைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். மலையகம் என்றதும் புலம்பெயர்ந்த நம் வாசகர்களின் மனக்கண்ணில் நுவரெலியாவும் அட்டனும் பனிமூட்டமும்தான் தோன்றும். சப்ரகமுவவின் தோட்டங்கள் வேறு வகையானவை. வெக்கை, அட்டை, ஓயாத மழை. தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கும். தோட்டத்து எல்லையைத் தாண்டினால் சிங்களக் கிராமம். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய, இரத்தினபுரிப் பக்கம் இறக்குவானை, கஹவத்தை, பலாங்கொடை என்று எங்கும் இதே நிலைதான். எண்ணிக்கையில் சிறுத்துச் சிதறிக் கிடக்கும் இம்மக்கள் 1977 இலும் 1981 ஓகஸ்ட் மாதத்திலும் அடித்து விரட்டப்பட்டவர்கள். அவர்களுள் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறினர். எஞ்சியவர்களுக்காக நாடாளுமன்றத்தில் பேச அவர்களிலிருந்தே ஒருவர் நீண்டகாலம் இருக்கவில்லை. 2024 தேர்தலில்தான் இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவாகிப் பிரதியமைச்சருமானார்.

நான் சென்றிருந்த அன்று விடியற்காலை ஆறு மணிக்குப் பிரட்டுக்களத்தில் பெண்கள் கூடியிருந்தனர். இரவு பெய்த மழையில் இறப்பர் மரங்கள் நனைந்திருந்தன. நனைந்த பட்டையில் பால்வெட்ட முடியாது. வெட்டினால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரத்தில் பரவி வீணாகும். ஒன்பது மணிவரை காத்திருந்து, பின்னர் வெட்டப் போனார்கள். மதியத்துக்கு முன் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. மாலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி பால்வாளியைக் கழுவி வைத்துக்கொண்டே சொன்னார்: "அரைப்பேரு போட்டுட்டாங்கையா. மானம் கொட்டுனதுக்கு நாம என்னா செய்ய?"

'பேர்' என்பது செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கான பதிவு. நிறை குறைந்தால் அரைப்பேர். அன்று அவருக்குக் கிடைத்தது 675 ரூபா. வர்த்தமானியில் எழுதப்பட்ட 1,350 ரூபாவை அவர் அந்த மாதம் எத்தனை நாள் முழுமையாகக் கண்டார் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பதினான்கு என்றார். குறைந்தபட்சச் சம்பளம் என்று நாம் கொழும்பிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு எண்ணுகிற தொகை, நிறுவைத் தராசின் மறுபக்கத்தில் வேறொரு தொகையாக மாறிவிடுகிறது. நாட்சம்பளம் உயர்ந்ததும் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை உயர்வதும், வேலை நாட்கள் குறைவதும் 2021 க்குப் பின்னர் தோட்டந்தோறும் நான் கேட்ட முறைப்பாடுகள்.

இந்தச் சம்பளத்தின் வரலாறு வெறும் தொகைகளின் வரலாறன்று. அது சொற்சாதுரியத்தின் வரலாறும் ஆகும். முதலாளிமார் சம்மேளனமும் மூன்று தொழிற்சங்கத் தரப்புகளும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கைச்சாத்திட்டு வந்த கூட்டு ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். 2013 இல் 620 ரூபா என்று பத்திரிகைகளில் தலைப்பிட்டோம், நானும் தலைப்பிட்டேன். ஆனால் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாதான். வருகைக்கு 140, விலைப்பங்காக 30. மாதத்தில் வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் குறைவாக வந்தவருக்கு அந்த 140 இல்லை. 2016 ஒக்டோபரில் 730 என்றோம். அதிலும் அடிப்படை 500 மட்டுமே. முந்திய ஒப்பந்தம் 2015 மார்ச் மாதத்தில் காலாவதியாகி ஒன்றரை ஆண்டு கடந்து கைச்சாத்தான அந்த ஒப்பந்தத்தில், அந்தக் காலத்துக்கான நிலுவை கைவிடப்பட்டது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணிக்கப்பட்டன. வேலையை விட்டு நீங்கும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அவ்வாறே. ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் என்பது 1983 ஆம் ஆண்டுச் சட்டம். முப்பது ஆண்டு பால்வெட்டிய ஒருவருக்கு 420 நாட் சம்பளம். அடிப்படை 450 ஆக இருந்து, மேலதிக 170 ரூபா 'கொடுப்பனவு' என்ற பெயரைப் பெற்றதால், அவர் கைநழுவ விட்டது 71,400 ரூபா. ஒரு சொல்லை மாற்றியதால் வந்த இழப்பு இது. இன்று அரசாங்கம் கொடுப்பதாகச் சொன்ன 200 ரூபாவுக்கும் அதே 'வருகைக் கொடுப்பனவு' என்ற பெயரைப் பார்த்தபோது, பழைய ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்தவரே இதையும் செய்தாரோ என்று ஒரு கணம் ஐயுற்றேன்.

1,000 ரூபாவுக்கான போராட்டத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 ஒக்டோபர் மாதத்தில் கறுப்பு உடை அணிந்த மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலை நிறைத்தார்கள். 2019 ஜனவரியில் கிடைத்ததோ அடிப்படை 700, விலைப்பங்கு 50. 2020 மார்ச் முதல் 1,000 என்று அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அறிவித்தார். அது 2021 மார்ச் மாதத்தில் சம்பள நிர்ணய சபையின் வழியாகத்தான் வர்த்தமானிக்கு வந்தது. உடனே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடின. நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது.

அடுத்து நடந்ததைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 2022 இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தது. டொலருக்கு 200 ரூபா என்றிருந்தது 360 ரூபா என்றாயிற்று. தேயிலை டொலருக்கு விற்கப்படும் பொருள். இரசாயன உரத் தடையால் விளைச்சல் வீழ்ந்தது உண்மை. ஆயினும் கொழும்பு ஏலத்தில் ரூபாக் கணக்கில் சராசரி விலை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ இரு மடங்காகியது. பெருந்தோட்டக் கம்பனிகள் பல அதுவரை காணாத இலாபத்தை அந்த ஆண்டு அறிக்கைகளில் பதிந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தொழிலாளியின் நாட்சம்பளமோ அதே 1,000 ரூபா. 2021 மார்ச்சில் ஐந்து டொலராக இருந்த கூலி, 2022 நடுப்பகுதியில் மூன்று டொலருக்கும் கீழே இறங்கியது. அப்போது எந்த இயக்குநர் சபையும் "விலை உயர்ந்துவிட்டது, கூலியையும் உயர்த்துவோம்" என்று தானாக முன்வந்து சொன்னதாக நான் அறியேன். விலை வீழும்போது மட்டும் தொழிலாளி பங்காளி. உயரும்போது அவர் கூலியாள்.

அந்த 1,000 ரூபா 2024 செப்டெம்பர் வரை அசையவில்லை. அவ்வாண்டு மே தினத்தில் கொட்டகலையில் ரணில் விக்கிரமசிங்க 1,700 என்று அறிவித்தார். ஜூலை மாதத்தில் உயர்நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் 1,350 ரூபாவில் சமரசம்.

இனி, மறுதரப்பின் வாதத்துக்கு வருகிறேன். தோட்டத் துரையாக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு, நேர்மையானவர். அவர் சொல்வார்: "நீர் எழுதும். ஆனால் கணக்கையும் பாரும். உற்பத்திச் செலவில் அரைவாசிக்கு மேல் கூலிக்கே போகிறது. கென்யாவில் ஒருவர் பறிக்கும் கொழுந்தில் பாதியைக்கூட இங்கே பறிப்பதில்லை. நாட்டின் தேயிலையில் முக்கால்வாசியைச் சிறு தோட்டக்காரர்கள்தான் தருகிறார்கள். கம்பனி மூடினால் உம்முடைய தொழிலாளி எங்கே போவார்?" இவை பொய்கள் அல்ல. ஆனால் கென்யாவில் பறிக்கப்படும் செடியும் நம் தோட்டங்களின் முதிய செடியும் ஒன்றல்ல. செடியை மாற்றி நட வேண்டிய பொறுப்பு கொழுந்துக் கூடையைச் சுமப்பவருடையதா, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருடையதா? மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்த இத்தோட்டங்களில் இன்று ஒன்றரை இலட்சம்கூட இல்லை. மிகுந்திருப்பவர்களைக் கொண்டு கைவிடப்பட்ட மலைகளில் கென்யாவின் நிறையை எதிர்பார்க்கிறோம்.

இயக்குநர்களின் சம்பளம் பற்றியும் அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அதை எல்லோருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சில ரூபாதான் வரும்" என்றார். இருக்கலாம். அதைப் பங்கிடச் சொல்லி நான் கேட்கவில்லை. எந்த அளவுகோலால் யார் அளக்கப்படுகிறார் என்பதையே கேட்கிறேன். பால்வெட்டும் பெண்ணின் கூலியைத் தீர்மானிக்கும்போது கம்பனியின் கொள்ளளவு, உலகச் சந்தை, உற்பத்தித் திறன் யாவும் மேசைக்கு வருகின்றன. பத்திரிகைகளில் விளம்பரம் வருகிறது. நீதிமன்றத்தில் மனு வருகிறது. மேலிருப்பவர்களின் ஊதியத்தைத் தீர்மானிக்கும்போது 'திறமைசாலிகளைக் கவர்ந்து தக்கவைத்தல்' என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். கொழும்புப் பங்குச் சந்தையின் ஆளுகை விதிகள் ஊதியக் குழுவொன்றை அமைக்கச் சொல்லின. இயக்குநர்களுக்குக் கொடுத்த மொத்தத் தொகையை ஆண்டறிக்கையில் வெளியிடவும் சொல்லின. கம்பனிகளும் வெளியிடுகின்றன. எல்லோருக்கும் சேர்த்து ஒரே இலக்கம், நிதிக்கூற்றுகளின் பின்பக்கங்களில் ஒரு குறிப்பு. அந்த இலக்கத்துக்கும் அரைப்பேருக்கும் உள்ள விகிதத்தை நீங்களே கணித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் அண்டை நாட்டில் அப்படியில்லை. இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 197 ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வோர் இயக்குநரின் ஊதியத்துக்கும் நடுநிலை ஊழியரின் ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தை வெளியிட வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 2018 முதல் தலைமை நிர்வாகியின் விகிதம் வெளிவருகிறது. பிரித்தானியாவில் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் பட்டியலிட்ட கம்பனிகள் 2019 ஆம் நிதியாண்டு முதல் சொல்லக் கடமைப்பட்டவை. ஒன்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைக்க முனைந்த சுவிட்சர்லாந்து மக்கள் 2013 நவம்பரில் அதை நிராகரித்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நான் உச்சவரம்பு கேட்கவில்லை. முதலாளித்துவத்தின் தலைநகரங்களிலேயே வெளியிடுகிற ஓர் இலக்கத்தை, அரசு நிலத்தில் தொழில் செய்யும் கம்பனிகள் ஏன் மறைக்க வேண்டும்?

அரசு நிலம் என்றேன். இங்குதான் விடயத்தின் வேர் இருக்கிறது. இந்தத் தோட்டங்கள் கம்பனிகளின் சொந்தச் சொத்தன்று. 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தத்தின் கீழ் அரசுடைமையாக்கப்பட்டு, இரு அரச நிறுவனங்களால் நட்டத்தில் நடத்தப்பட்டு, 1992 ஜூன் மாதத்தில் புதிய பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டவை. குத்தகைக் காலம் 53 ஆண்டுகள். தொடக்கத்தில் குத்தகைப் பணம் தோட்டம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 500 ரூபா. ஆம், ஒரு பூச்சியமும் விடுபடவில்லை. 1996 இல்தான் அது திருத்தப்பட்டது. அவற்றின் பெயர்களில் கேகாலையும் கஹவத்தையும் பலாங்கொடையும் இருக்கின்றன; இயக்குநர் சபை கூடுவது கொழும்பில். பெரும்பாலானவை பெரிய வர்த்தகக் குழுமங்களின் உறுப்புகள். தோட்டக் கம்பனி நட்டம் காட்டும் ஆண்டிலும் முகாமைக் கட்டணம் தாய்க் கம்பனிக்குப் போகலாம். ஏற்றுமதிக் கம்பனியின் இலாபம் வேறொரு புத்தகத்தில் இருக்கலாம். ஒரு புத்தகத்தை மட்டும் காட்டிக் "கொடுக்க இயலாது" என்பது எவ்வளவு தூரம் ஏற்கத்தக்கது?

எல்லாப் புத்தகங்களையும் பார்க்க அரசாங்கத்துக்கு வழியில்லை என்று அமைச்சர்கள் கையை விரிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வழி இருக்கிறது. தனியார்மயமாக்கலின்போது ஒவ்வொரு கம்பனியிலும் 'தங்கப் பங்கு' ஒன்று உருவாக்கப்பட்டுத் திறைசேரிச் செயலாளரிடம் கொடுக்கப்பட்டது. அதை வைத்திருப்பவர் இரண்டு வார முன்னறிவித்தலுடன் எப்போது வேண்டுமானாலும் கம்பனியின் கணக்கேடுகளைப் பரிசோதிக்கலாம். காலாண்டு முடிந்து அறுபது நாட்களுக்குள் கம்பனி அவருக்கு அறிக்கை தரவேண்டும். காலாண்டுக்கொருமுறை இயக்குநர்களை அவர் சந்திக்கலாம். அவருடைய எழுத்துமூல அனுமதியின்றி நிலத்தை உபகுத்தகைக்கு விடக்கூடாது. இவையெல்லாம் அந்தக் கம்பனிகள் தம் ஆண்டறிக்கைகளில் தாமே அச்சிடும் விதிகள். ஆனால் சம்பளப் பேச்சு நடந்த எந்த ஆண்டிலும் "திறைசேரி கணக்குகளைப் பார்த்தது, கொடுக்க இயலும் தொகை இவ்வளவு" என்று ஒரு செய்தியை நான் எழுதியதில்லை. மே தின மேடையில் ஒரு தொகையை முழங்கிவிட்டு நீதிமன்றத்தில் தடை வாங்கிக்கொள்வதைவிட, பதினான்கு நாள் முன்னறிவித்தல் ஒன்றை அனுப்புவது எளிதல்லவா? பெயரில் தங்கம் என்று இருப்பதால் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டார்களோ என்னவோ.

இன்னொரு பங்கும் உண்டு. அன்று ஒவ்வொரு கம்பனியின் பங்குகளிலும் பத்து வீதம் தொழிலாளருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. சட்டப்படி பால்வெட்டுகிறவரும் பங்குதாரர். அரைப்பேர் கதை சொன்ன அதே பெண்மணி, தகரப் பெட்டியிலிருந்து மறைந்த தந்தையாரின் பங்குப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள். அது என்னவென்று முப்பது ஆண்டுகளாக யாரும் அவருக்குத் தமிழில் விளக்கவில்லை. அந்த லயத்தில் வேறு சிலர் தங்கள் பத்திரங்களைத் தொண்ணூறுகளிலேயே யாரோ ஒரு தரகருக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டனர்.

குத்தகை 2045 இல் முடிகிறது. இறப்பர் மரத்தின் பயன்காலம் முப்பது ஆண்டளவு. ஆகவே இன்று புதிதாக நட எந்தக் கம்பனிக்கும் மனம் வராது. குத்தகையை நீடித்துத் தாருங்கள் என்ற கோரிக்கையே வரும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தக் கோரிக்கை மேசைக்கு வரும் நாளே அரசாங்கத்தின் கை ஓங்கியிருக்கும் நாள். முழு நாட்சம்பளமும் அடிப்படைச் சம்பளமாக வேண்டும். மழைக்கு அரைப்பேர் போடுவது நிற்க வேண்டும். உச்ச ஊதியத்துக்கும் செக்ரோல் ஊதியத்துக்கும் உள்ள விகிதம் ஆண்டறிக்கையின் முன்பக்கத்தில் அச்சாக வேண்டும். லயங்கள் இருக்கும் நிலம் குத்தகையிலிருந்து பிரிக்கப்பட்டு அங்கு வாழ்பவருக்கு எழுதப்பட வேண்டும். இவற்றை நிபந்தனைகளாக்காமல் ஓர் ஆண்டுகூட நீடித்துக் கொடுக்கலாகாது.

கடைசி நிபந்தனையை ஏன் சேர்த்தேன் என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்கள் மாஞ்சோலையை நினைத்துப் பார்க்கட்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929 இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மலை அது. 2028 இல் முடியவேண்டிய குத்தகையைக் கம்பனி முன்கூட்டியே கைவிடத் தீர்மானித்து, 2024 இல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வை முன்வைத்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு பிறந்தவர்களுக்கு மலையில் ஓர் அடி நிலமும் உரிமையில்லை என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. தெஹியோவிட்டை லயத்தில் இருப்பவருக்கும் இதே நிலைதான்.

இவற்றையெல்லாம் ஓய்வுபெற்ற துரை நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். ஊதிய விகிதத்தை வெளியிடுவதில் தமக்கு ஆட்சேபனை இல்லை என்றார். "ஆனால் தொழிலாளியின் சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடிக்கும் சங்கங்களின் கணக்கையும் அதே பக்கத்தில் அச்சிடச் சொல்லும்" என்றார். அவர் சொல்வது சரிதான். அமைச்சர் பதவியில் இருந்துகொண்டே தொழிலாளர் சார்பில் ஒப்பந்தம் செய்த தலைவர்களை நான் பேட்டி கண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை அன்று நானும் கேட்கவில்லை. சந்தாக் கணக்கைப் பற்றி அடுத்த கிழமை தனியாக எழுதுகிறேன்.